எட்டு மணிக்கு அப்பா

சிலமலையிலிருந்து போடிக்குப் போகும் காலை பஸ்சில், என் முன்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். தோழியின் டைரியைப் புரட்டிக்கொண்டு வந்தவள் சட்டென்று கத்தினாள்.

“ஏண்டி, எங்கப்பாவையும் சேத்தா காப்பியடிப்ப?”

கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“ஒன் டைரியப் பாத்து எழுதச் சொன்னது டீச்சருதான? இவள மாதிரி நேரம் போட்டு வைங்கன்னு கிளாசுக்கே தூக்கிக் காட்டுனாங்கள்ல?”

“பரிச்சைத் தேதிய எழுது, வீட்டுப்பாடத்த எழுது. ‘எட்டு மணி, அப்பாகூட கணக்கு’ன்னு தெனத்துக்கும் எழுதிருக்கியே! ஒங்கப்பா மலையில ஏலத்தோட்டத்துலல்ல இருக்காரு? சனிக்கிழமைதான எறங்குவாரு?”

தோழி டைரியைப் பிடுங்கப் பார்த்தாள்; இவள் விடவில்லை.

“பென்சில்லதான எழுதிருக்க. இந்தா ரப்பர், அழி.”

“அழிக்க மாட்டேன்.”

“டீச்சர் கேட்டா என்ன சொல்லுவ?”

“அடுத்த வீட்டு அப்பான்னு சொல்லுவேன். அவரு ஒனக்குச் சொல்லிக் குடுக்குறது எங்க சன்னல்ல ஒண்ணு விடாமக் கேக்குது. நானும் தெனமும் எட்டு மணிக்கு நோட்ட எடுத்துக்கிட்டு சன்னல்கிட்டதான் ஒக்காந்திருக்கேன்.”

ரப்பரை நீட்டியவளின் முகம் சிவந்துவிட்டது.

“இனிமே அவர மெதுவாப் பேசச் சொல்றேன், இரு.”

“சொல்லிக்கோ. நேத்து நீ தப்பாப் போட்டியே ஒரு கணக்கு, அது எனக்குச் சரியா வந்துச்சு. ஒங்கப்பாவுக்குத்தான் நான் போட்டது தெரியாது.”