கடைசிப் பொத்தான்

உங்கள் கண்ணாடி தயார், டீச்சர். மூக்கில் உட்காரும் இரண்டு பட்டைகளையும் மாற்றிவிட்டேன், இனி வழுக்காது. இடது காதுப் பக்கம் கொஞ்சம் அகன்றிருந்தது, அதையும் சூடு காட்டி மடக்கியிருக்கிறேன். பெட்டிக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

நேற்று என் மகள் உள்ளே மெஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "வெள்ளிக்கிழமை ஏன் சார் அனுப்பல?" நெட் கிடைக்கவில்லை என்றேன். நீங்கள் நம்பவில்லை. அவளுக்காக ஒரு வருடம் ஓடியவர் நீங்கள், சிபாரிசுக் கடிதம் மட்டும் பதினொன்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மை தெரிவதுதான் நியாயம்.

பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகை தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மதியம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். பாதித் தளங்களில் போன வருடத்துக் கெடு இருக்கும். சிலது முதலில் பணம் கட்டு என்னும், அதை அப்போதே மூடிவிட வேண்டும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கென்றே ஒன்று இருந்தது. என் மகள் வலது கை. அதற்காக ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் சலித்து அவளுக்குப் பொருந்துகிற பதினொன்றைப் பிடித்தேன். அவளுக்குப் பரீட்சை நேரம். அதனால் எல்லாவற்றுக்கும் என் மெயில், என் போன் நம்பர்.

கட்டுரைதான் முக்கியம், பிள்ளையை உண்மையை எழுதவிடுங்கள் என்று பெற்றோருக்கான ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து அவள் மேஜையில் ஒட்டியதே நான்தான். "மனசுல உள்ளத அப்படியே எழுதும்மா, பொய் எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க" என்றேன். நீ தாண்டி வந்த பெரிய தடை எது என்பது கேள்வி. எழுதிக் கொடுத்துவிட்டு, "படிக்காதீங்கப்பா, வெக்கமா இருக்கு" என்று ஓடிவிட்டாள். எழுத்துப்பிழை இருக்கக் கூடாதே என்றுதான் படித்தேன்.

அப்பா நல்லவர், ஆனால் பயந்தவர் என்று தொடங்கியிருந்தாள். பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தும் ஊர் மாற வேண்டுமே என்று போகாதவர். வாடிக்கையாளர் குரல் உயர்த்தினால், தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்பவர். என்னையும் தன் பயத்துக்குள் வைத்துத்தான் வளர்த்தார், அதுதான் நான் தாண்டிய தடை. அவரைப்போல ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே படிக்கிறேன். கடைசி வரி அது.

மூன்று முறை படித்தேன். அதற்குள் ஒருவர் வந்து, ஃபிரேம் கோணலாக இருக்கிறது என்று கத்தினார். அவரே அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், பார்த்தாலே தெரிந்தது. "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லி நிமிர்த்திக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பித்தாகவே இருந்து எனக்கு அலுத்துவிட்டது, டீச்சர்.

பதினொரு விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். ஒரு கட்டம் விடவில்லை. சான்றிதழ், போட்டோ, உங்கள் கடிதம், அந்தக் கட்டுரை, எல்லாம் ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று சேமி, இன்னொன்று சமர்ப்பி. நான் சேமியை மட்டும் அழுத்தினேன். எங்கள் தொழிலில் லென்ஸ் நாலைந்து டிகிரி திரும்பி உட்கார்ந்தாலே தலைவலி வரும். போட்டவருக்கு ஏன் என்றே தெரியாது. கண்ணாடி பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பிறகு முடிவு வரும் காலம். வாரத்துக்கு ஒன்றாகப் போனைப் பார்த்து வாசித்துக் காட்டினேன். போனில் ஒன்றும் இருக்காது. 'தங்கள் மகள் திறமையானவர், எனினும் இம்முறை இடம் அளிக்க இயலவில்லை' என்பேன். ஒவ்வொரு வாரமும் வார்த்தையை மாற்றிக்கொள்வேன், இல்லாவிட்டால் சந்தேகம் வருமே. ஐந்தாவது தடவை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியாதா" என்றாள். என் மனைவி சமையலறையிலிருந்து, "இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பாங்க" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். ஒரு அறக்கட்டளையிலிருந்து உங்களுக்குப் போன் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசிப் பொத்தான் மட்டும் அழுத்தவில்லை, வெள்ளி மாலை ஐந்து மணி வரை காத்திருக்கிறோம் என்றார்களாம். "அவகிட்ட இப்ப சொல்லாதீங்க சார், பாவம், மறுபடி ஆசைப்பட்டு ஏமாந்திடப் போறா. கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்" என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

நான் கல் இல்லை, டீச்சர். வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் டீ கொண்டுவந்தாள். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று தோன்றியது. "ஏம்மா, உங்கப்பா எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "நீங்களா? தங்கமான ஆளு. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்" என்று என் தலையைக் கலைத்துவிட்டு உள்ளே போனாள்.

டீயைக் குடித்தேன். ஐந்து மணி ஆனதும் அந்தப் பக்கமே மூடிக்கொண்டது.

இப்போது அவள் என் ஸ்டூலில் உட்காருகிறாள், என் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொள்கிறாள். கை சுத்தம், நல்ல வேலைக்காரி. நேற்று நீங்கள் போன பிறகு ஒரு பெண்மணி, லென்ஸில் கீறல் என்று சத்தம் போட்டார். கீறல் அவர் கைப்பைக்குள் சாவி உரசி விழுந்தது. என் மகள் தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, எங்க தப்புதான்" என்றாள். பக்கத்தில் நின்று கேட்டேன். என் வயிறு குளிர்ந்தது. அந்தக் கட்டுரைக்காக அவளை அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன்.

இதை அவளிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், எனக்குப் பயமில்லை. ஆனால் அவள் நம்ப மாட்டாள். "எங்கப்பாவா? அவருக்கு அவ்வளவு தைரியம் ஏது டீச்சர்" என்பாள். அப்போது இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவள் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்கும் தெரியட்டும்.