மூன்றாம் சுற்று முடியாமல் பட்டியல் தர மாட்டேன்

டேய் சில்வண்டே! உன்னைப் பற்றிப் பேச என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பார்த்தாயா? ஐந்தாம் வகுப்போடு நின்றவளை! இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுத்தானே போயிருக்கிறாய்.

மன்னிக்க வேண்டும். முதலில் சபைக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று கீழே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்து இயக்குநர் ஐயா அவர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் மருந்துக் கம்பெனிப் பெரியவரே, என் தம்பியோடு வேலை பார்த்தவர்களே, மருந்துக் கடைக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் வந்து உட்காருங்கள், முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. நான் சீக்கிரம் முடிப்பேன் என்று நினைக்காதீர்கள்.

முதுநிலை ஆய்வாளர், மூலிகை மருந்து நிபுணர் என்று இதுவரை பேசிய எல்லோரும் சொன்னீர்களே, அந்த ஆள் எனக்குச் சில்வண்டு. எங்கள் அம்மா வைத்த பேர். ஒரு கேள்வியைப் பிடித்தால் விட மாட்டான். பதில் கிடைக்கிற வரைக்கும் காதுக்குள் இரைந்துகொண்டே இருப்பான். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இரைந்தான். இப்போது வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அந்த அமைதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் வீட்டுக்காரர் போன பிறகு அவனோடு வந்து இருந்தேன். சமைத்துப் போட்டோமா, சாப்பிட்டானா, போய்ப் படுத்தோமா என்று இருக்க விட்டானா? விடவில்லை. வந்த மாதமே எனக்கு ஒரு வேலை கொடுத்தான். "அக்கா, நீ கடைக்குப் போய் மருந்து வாங்கிட்டு வரணும்" என்றான்.

"யாருக்குடா உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சோதனைக்கு."

"கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா அவனே கொண்டுவந்து கொடுக்க மாட்டானா?"

"கொடுப்பான். நல்லதாப் பார்த்துக் கொடுப்பான். எனக்கு அது வேணாம். ஜனங்க கையில என்ன போய்ச் சேருதோ, அது வேணும்."

இவன் கடைக்குப் போனால் ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். என்னை யாருக்குத் தெரியும்? கைப்பையும் குடையுமாக ஒரு பெண்பிள்ளை. அப்படித்தான் நான் இந்த ஆய்வுக்கூடத்துக்கு மருந்து வாங்குகிறவள் ஆனேன். பதினோரு வருஷம்.

கடைசியாக எடுத்தது இந்த வேர்ப்பொடி. மூட்டு வலிக்குக் குடிக்கிறோமே, அதுதான். எல்லாப் பொட்டலத்திலும் 'அசல் காட்டு வேர்' என்று போட்டிருக்கிறது. அத்தனை வேர் காட்டில் இருக்கிறதா? அதுதான் அவனுடைய கேள்வி. வேரைப் பிடுங்கினால் செடி செத்துவிடும். போன வருஷம் ஒரு மலைச்சரிவு முழுக்க நடந்து தேடி ஒன்பது செடிதான் கண்டேன் என்று வந்து சொன்னான். கடையிலோ மூட்டை மூட்டையாகப் பொடி! அப்படியென்றால் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன? காட்டு வேரா, தோட்டத்தில் வளர்த்த வேரா, வேரே இல்லாத வேறு ஏதோ ஒன்றா? தோட்டத்து வேரும் அதே வேலையைச் செய்யும் என்று காட்டிவிட்டால் காட்டை விட்டுவிடலாம், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் மருந்து மிச்சம் இருக்கும் என்றான். நியாயம்தானே? நியாயமான ஆள்தான். ஆனால் அவனோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள், தெரியும்!

நாற்பது கடை, நாற்பது பொட்டலம். நடந்து நடந்து வாங்கினேன். ஒரு கடைக்காரர் கேட்டார், "ஏம்மா, உங்க வீட்ல குடும்பமே முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குமா?" சிரிக்கிறீர்களே, நீங்கள்தானே அது? மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே, அவரேதான்.

நாற்பதையும் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, நாப்பது கடையிலயும் போன மாசத்துச் சரக்கு மட்டும்தான் விக்கிறாங்களா?"

"பின்னே? உள்ளே கையை விட்டு, தேதி பார்த்து, அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து நல்லதா எடுத்திருக்கேன். பழசைக் கொடுத்தவனோட சண்டை போட்டு மாத்தி வாங்கியிருக்கேன்."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அக்கா, யாரு உன்னை நல்லதா வாங்கச் சொன்னா? அவசரத்துல வர்றவன் கைக்கு எது வருமோ, அதை வாங்கணும்!"

நாற்பதையும் ஒதுக்கிவிட்டான்! மறுபடி நாற்பது கடை. கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அதை வாயைத் திறக்காமல் வாங்க வேண்டும். வீட்டுக்குச் சாமான் வாங்கிப் பழகிய பெண்களே, உங்களுக்குப் புரியும் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று. ஓரம் கிழிந்த பொட்டலத்தைக் கொடுக்கிறார், நான் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன். அது போதாதென்று அதை அறிக்கையிலும் எழுதினான். 'வாங்கியவர் நல்லதாகத் தேர்ந்தெடுத்துவிட்டதால் முதல் தொகுப்பு கைவிடப்பட்டது.' வாங்கியவர் யார்? நான்! நன்றாகச் சாமான் வாங்கத் தெரிந்தவளை எழுத்தில் வைத்துத் திட்டிய ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தானடா.

"ஏண்டா, என் தப்பை ஊருக்கே சொல்லணுமா?" என்று கேட்டேன். "நம்ம தப்பை மறைச்சோம்னா, நாம சொல்ற மத்தது எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லக்கா" என்றான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு சட்டம் வைத்தான். அதைத்தான் சபையில் எல்லோரும் கேட்க வேண்டும். வாங்கி வந்த பொட்டலத்தை வீட்டிலேயே பிரித்து, ஒரே மாதிரி டப்பாவில் கொட்டி, நம்பரும் மாதமும் மட்டும் ஒட்டி நான் கொடுக்க வேண்டும். எந்த நம்பர் எந்தக் கம்பெனி என்கிற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும். அவன் பார்க்க மாட்டான். எந்த நம்பரில் என்ன வந்தது என்பது அவனிடம் இருக்கும். எனக்குச் சொல்ல மாட்டான். தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம். மூன்று சுற்று சோதித்து முடித்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, ஆளுக்கொரு ரகசியம்! நான் வாயைத் திறந்தாலே, "அக்கா, கம்பெனி பேரா இருந்தா சொல்லாதே" என்பான். "இல்லடா, சோறு இன்னும் போடட்டுமான்னு கேட்டேன்" என்பேன்.

அது என்ன மூன்று? பலமுறை கேட்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் இருமல் மருந்தில் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் கெட்டது என்று வந்தது. எல்லோரும் அறிவித்துவிடலாம் என்றார்கள். இவன்தான் உடும்புப் பிடியாக நின்றான். மூன்றாம் சுற்றில் என்ன தெரிந்தது? இங்கே குடுவை கழுவுகிற சோப்புதான் அந்தக் கோளாறுக்குக் காரணம் என்று! மருந்து சுத்தமாக இருந்தது. அவசரப்பட்டிருந்தால் ஒழுங்காகச் செய்தவன் தெருவுக்கு வந்திருப்பான். நல்ல மருந்தை ஜனங்கள் கீழே கொட்டியிருப்பார்கள். அந்த இருமல் மருந்து யாருடையது தெரியுமா, கம்பெனிப் பெரியவரே? உங்களுடையதுதான் ஐயா.

மூன்று, மூன்று என்று இருந்தவன் கடைசியில் என்ன செய்தான்? பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒருநாள் நெஞ்சை அடைத்திருக்கிறது. வந்து நோட்டில் தேதியும் நேரமும் எழுதுகிறான்! "டாக்டர்கிட்டப் போடா" என்றேன். "ஒரு தடவை வந்தா அது தற்செயல்க்கா" என்றான். பத்து நாளில் குளித்துவிட்டு வரும்போது மறுபடியும். மறுபடியும் நோட்டு. "இப்பவாவது போடா, எருமை!" என்று கத்தினேன். "ரெண்டு தடவைதானேக்கா. இன்னொண்ணு வந்தா போறேன்."

வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், இந்தக் கட்டடத்து இரண்டாம் மாடிப் படியில். அதை எழுத ஆள் இல்லை.

பொடியை மூன்று தடவை சோதிடா, யார் வேண்டாம் என்றது? உன் நெஞ்சு என்ன பொட்டலமா? இவ்வளவு படித்து, இவ்வளவு பேருடைய உடம்பைப் பற்றி யோசித்து, உன் உடம்பை ஏன்டா கடைசியில் வைத்தாய்? உன்னை அறைய வேண்டும் போல் இருக்கிறது. அறைய ஆள் எங்கே?

அந்த மூன்று என்கிற எண்ணைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அதே மூன்றுக்காகத்தான் இங்கே நிற்கிறேன், சபையோரே. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் போன ஆறாம் நாள் கம்பெனிப் பெரியவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், துக்கம் விசாரித்தார். பிறகு, "அம்மா, எங்க சரக்கு எத்தனையாவது நம்பர்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் வேணாம்" என்றார்.

"எதுக்குங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மா தெரிஞ்சுக்கவா இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?"

"கார்லதாம்மா வந்தேன்" என்றார். பழக்கூடையை அந்தக் காரிலேயே திருப்பி அனுப்பினேன். கோபம் வேண்டாம் ஐயா, கூடப் பிறந்தவனுக்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்வேனா?

அடுத்து இயக்குநர் ஐயா. இன்றைக்கு இதே மேடையில் என் தம்பியின் நேர்மை, நேர்மை என்று ஒன்பது தடவை சொன்னீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பத்தாவதாக என்ன சொன்னீர்கள்? இரண்டு சுற்று முடிந்திருக்கிறது, அது போதும், பொடியைச் சோதிக்கிற மெஷினை வேறு வேலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அக்காவிடமிருந்து பட்டியலை வாங்கி அவர் நினைவாக அடுத்த மாதமே அறிக்கையை வெளியிடுகிறோம், அதுவே நம் அஞ்சலி என்றீர்கள். எல்லோரும் கை தட்டினீர்கள்.

இதுவா அஞ்சலி? இரண்டோடு நிறுத்துகிற அறிக்கையில் அவன் பேரைப் போடுவீர்களா? உயிரோடு இருந்தால் அவன் கையெழுத்துப் போட்டிருப்பானா? போன வருஷம் இதே ஐயா இதே மெஷினைக் கேட்டபோது, மெஷின் அறை வாசலில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தானே, மறந்துவிட்டீர்களா? நான்தானே அங்கே சோறு கொண்டுவந்து கொடுத்தேன்!

எத்தனையோ கம்பெனிக்காரர்களின் பிழைப்பு அந்த டப்பாக்களில் இருக்கிறது. அதைக் கலக்கிக் குடிக்கிற ஆயிரம் ஆயிரம் முட்டிகள் இருக்கின்றன. தப்பாகச் சொன்னாலும் கேடு, சொல்லாமல் விட்டாலும் கேடு. ஒருமுறை நம்மை நம்பாமல் போய்விட்டால், பிறகு நாம் உண்மையைச் சொல்லும்போதும் எவன் காது கொடுப்பான்?

அவனோடு வேலை பார்த்த பெண் அதோ சுவரோரமாக நிற்கிறாள். மெஷின்காரி என்றுதான் அவன் கூப்பிடுவான். அவளிடம் கேட்டேன். "மூணாவது சுத்துக்குப் பொடி இருக்காம்மா?" "இருக்குங்க அத்தை, அளந்து வெச்சிருக்கார்." "உன்னால முடியுமா?" "மெஷினைக் கொடுத்தா பன்னெண்டு நாள்ல முடிப்பேன்." பன்னிரண்டு நாள்! அவ்வளவுதான் கேட்கிறேன். மண்டபம் கட்டச் சொல்லவில்லை, படம் திறக்கச் சொல்லவில்லை.

என்ன ஐயா, தலையை ஆட்டுகிறீர்கள்? ஆட்டினால் போதாது, இந்த மைக்கில் சொல்லுங்கள். இதோ, பிடியுங்கள்.

என்னது, "பார்க்கலாம்மா"வா? பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். தெளிவாகச் சொல்லுங்கள். "பன்னெண்டு நாள் கொடுக்கிறோம்." ஆ! சபையோரே, கேட்டீர்களா? கடைக்காரர்களே, உங்கள் காதில் விழுந்ததா? நீங்கள்தான் சாட்சி. இப்போது தட்டுங்கள் கையை.

சரி. என் வாக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்று முடிகிற அன்றைக்குப் பட்டியலோடு இதே மேடைக்கு வருவேன். மெஷின்காரி நம்பரையும் அதில் வந்ததையும் படிக்கட்டும், நான் பேரைப் படிக்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் யார் எந்தக் கூடையோடு வந்தாலும் ஒரு பேரும் வாங்க முடியாது. இனிமேலும் இந்த ஆய்வுக்கூடத்துக்கு மருந்து வேண்டுமென்றால் நான் போய் வாங்கி வருகிறேன், என் கால் நடக்கிற வரைக்கும். நல்லதாகப் பார்த்து எடுக்க மாட்டேன். சத்தியம்.

கால் என்றதும்தான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாற்பதில் ஒன்று நான் குடிக்கிற பொடி. எட்டு வருஷமாகக் காலையில் ஒரு டம்ளர். குடித்தால்தான் படி ஏற முடிகிறது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது எந்த நம்பர் என்று எனக்குத் தெரியும். அதில் என்ன வந்தது என்று தெரியாது. சில்வண்டே, உனக்கு அதில் என்ன வந்தது என்று தெரியும், அது என்னுடையது என்று தெரியாது.

நீ போவதற்கு முந்தின நாள் காலையில் நான் டம்ளரைக் கலக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றாய். இரண்டு சுற்று முடித்திருந்தாய். வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே போய்விட்டாய். அன்றைக்கு நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது நம் சட்டம்.

இன்னும் பன்னிரண்டு காலை இருக்கிறது. சட்டம் எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இவர்கள் யாரும் கேட்காத மாதிரி எனக்கு மட்டும் சொல். நாளைக்குக் காலையில் அதை நான் குடிக்கட்டுமாடா, கொட்டட்டுமா?