ஒரே நிறத்து டீ சேர்ட்

பதுளையிலிருந்து ஹல்துமுல்லை போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தலையில் கட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கிளினிக் போய்விட்டு மருந்துப் பையோடு திரும்பும் ஒரு அம்மா.

“யாருப்பா அடிச்சது?”

“எங்காளுதாங்க்கா. தெரியாம அடிச்சிட்டான்.”

அந்த அம்மா நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். கட்டுப் போட்டவர் கதையைத் தொடங்கினார்.

“எங்க தேயிலத் தோட்டத்து மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் கிரிக்கெட் மேட்ச்சு. எலெக்‌ஷன்ல ஓட்டுக் கேக்குற ஐயா ஒருத்தரு ரெண்டு டீமுக்கும் ஒரே கலர்ல டீ சேர்ட் குடுத்துட்டாரு. சண்ட வந்தப்ப எவன் எந்தப் பக்கம்னே தெரியல.”

“மூஞ்சியப் பாத்தா தெரியாதா?”

“எல்லாம் சொந்தக்காரனுகதானேக்கா. ஒரே மூஞ்சி.”

“எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால ரெண்டு குரங்குக் கூட்டம் தெனம் அடிச்சிக்குது. ஒரு நாளும் ஆள் மாத்தி அடிச்சதில்ல.”

“அதுக மோந்து பாத்துக்கும்போல.”

“அதுக பலாப்பழத்துக்கு அடிச்சிக்குது. நீங்க எதுக்கு?”

ஹப்புத்தளை தாண்டி பெரகலச் சந்தி வரும்வரை அவர் யோசித்தார்.

“அது ஞாபகம் இல்லக்கா. ஆனா நியாயம் எங்க பக்கந்தான்.”

“இனிமேலாவது ஒழுங்கா இருப்பீங்களா?”

“ஆமாங்க்கா. ரெண்டு டிவிஷனும் கோயில்ல கூடிப் பேசிட்டோம். சேந்து ஒரே கடிதத்துல கையெழுத்தும் வச்சி ஐயாவுக்குக் குடுத்துட்டோம்.”

“சமாதானமாப் போறோம்னா?”

“இல்லக்கா. அடுத்த வருசம் வேற வேற கலர் வேணும்னு.”