பேட்டரி இதில் அடங்காது

கணவர்: வண்டி இன்னும் ரோட்டையே பாக்கலம்மா. அதுக்குள்ள அஞ்சு வருஷ சர்வீஸுக்கு இப்பவே பணம் கட்டச் சொன்னா எப்படி?

விற்பனைப் பெண்: பின்னாடி விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது சார். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் இந்த பேக்கேஜ்லயே அடக்கம்.

கணவர்: டயர்?

விற்பனைப் பெண்: அது... வராது சார்.

கணவர்: பிரேக் கட்டை?

விற்பனைப் பெண்: தேயற சாமான் எதுவும் வராது சார்.

கணவர்: ஓஹோ. தேயாததுக்கு மட்டும் பேக்கேஜு.

மனைவி: கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, பேட்டரி?

விற்பனைப் பெண்: பேட்டரியும் இதுல அடங்காது மேடம்.

மனைவி: சரி.

கணவர்: என்ன சரி? நாம ஓட்டறது வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும். முதல் ரெண்டு சர்வீஸ் எப்படியும் இலவசம். மீதிய நான் பாத்துக்கறேன். பழைய வண்டிய இத்தன வருஷம் யாரு பாத்தா?

மனைவி: நீங்கதான் பாத்தீங்க. போன மாசம் ஆயில் மாத்தறேன்னு அடியில போய்ப் படுத்தவர எதிர்வீட்டுக்காரர் வந்து காலப் பிடிச்சு இழுத்துப் போட்டார்.

கணவர்: இதெல்லாம் இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியே ஆகணுமா?

விற்பனைப் பெண்: நான்... பேப்பர் எடுத்துட்டு வந்துடறேன் சார். பேசி வைங்க.

மனைவி: பாவம், சிரிப்ப அடக்கிக்கிட்டு ஓடுது.

கணவர்: உனக்கு ஞாபகம் இருக்கா... அம்மா, தம்பின்னு எல்லாரும் ஒண்ணா இருந்தப்ப, ஞாயித்துக்கிழமையானா அந்தக் கார் ஷெட்டு.

மனைவி: மறக்குமா? "டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்"னு குரல் வரும். உங்க தம்பி எழுந்தா, "நீ வேணாம்டா, உனக்குக் கை ஆடும்"பீங்க.

கணவர்: அவனுக்கு ஆடும்தான்.

மனைவி: ஆமா, அத்தன பேருக்கு சமைச்சுட்டு வர எனக்கு மட்டும் ஆடாது.

கணவர்: அந்த வீட்ல உன்கிட்ட ஒரு வார்த்தை பேச இடம் இருந்துச்சா? வாயத் திறந்தா "என்னடா"ன்னு அம்மா குரல் வரும்.

மனைவி: சின்னவ வயித்துல இருக்கறதையே அந்த வண்டிகிட்ட வச்சுத்தான சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து நங்குன்னு...

கணவர்: தழும்பு இன்னும் இருக்கு. தொட்டுப் பாரு.

மனைவி: கடையில வச்சா? கைய எடுங்க.

கணவர்: உண்மையச் சொல்லட்டுமா? பாதி நாள் வண்டில ஒண்ணுமே இருக்காது. பேட்டரி ஒயர் கழண்டிருக்கும். ரெண்டு திருகு திருகினா முடிஞ்சது. அப்புறம் அடியில படுத்துக்கிட்டு சும்மா ஸ்பேனரத் தட்டிக்கிட்டு இருப்பேன்.

மனைவி: தெரியும்.

கணவர்: தெரியுமா?

மனைவி: இறுக்கினதையே எத்தன தடவ இறுக்குவீங்க?

கணவர்: இப்ப வீட்ல நாம ரெண்டே பேரு. பேச இடம் கொட்டிக் கிடக்கு. ஆனா நீ மாடில, நான் கீழ... சாப்பிடக் கூப்பிடறதுக்குக் கூட போன் பண்ற. வண்டியும் இவங்க கைக்குப் போயிட்டா, உன்னக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு கூட மிஞ்சாது. அதான் வேணாங்கறேன்.

மனைவி: அந்தப் பொண்ணு வருது பாருங்க.

கணவர்: ஏதாவது சொல்லேன்.

விற்பனைப் பெண்: சார், பேப்பர் ரெடி. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?

மனைவி: எழுதிக்கோம்மா. அஞ்சு வருஷத்துக்கும்.

கணவர்: இவ்வளவு சொல்லியும்...

மனைவி: ஆயிலையும் ஃபில்டரையும் இவங்க பாக்கட்டும். இனிமே நீங்க வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது.

கணவர்: அப்ப ஞாயித்துக்கிழமை?

மனைவி: அதான் பேட்டரி இருக்கே. நின்னுக்கிட்டே பாக்கலாம்.

கணவர்: புது வண்டில பேட்டரிக்கு என்ன வரப் போகுது? பழசுலதான் ரோட்டுக் குலுக்கல்ல வாராவாரம் ஒயர் கழண்டுக்கும்.

மனைவி: ரோடும் இல்ல, குலுக்கலும் இல்ல. அப்பல்லாம் சனிக்கிழமை துணி எடுக்க ஷெட்டுப் பக்கம் போறப்ப நான்தான் கழட்டி விடுவேன். இந்த வண்டில அது எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.