செங்கல் கட்டடமும் ரொட்டி வண்டியும்

வாண்டா: போனை வெச்சிடாத டெரல். இன்னொரு தடவை வா.

டெரல்: எத்தனை இன்னொரு தடவை? ரோடெல்லாம் பனி. காப்பி வேற ஆறிப்போச்சு.

வாண்டா: மூலையில செங்கல் கட்டடம். அந்தத் தெருவுல நீ, இந்தத் தெருவுல நான். மூலையில மோதிக்காம இருக்க உன் கார் ரேடியோ தானா ‘வர்றேன்’னு சொல்றது, என் காருக்கு எத்தனை அடி தள்ளிக் கேக்குது? அதைத்தானே அளக்குறோம். இன்னொரு தடவை ஓட்டினா வலிக்குதா?

டெரல்: அளந்தாச்சே. இருநூறு அடி தள்ளியே கேக்குது. சுவர் எவ்ளோ சிக்னலைத் திங்கும்னு நாம போட்ட கணக்கும் அதேதான்.

வாண்டா: அதான் இடிக்குது. இவ்ளோ தடிச் சுவர்...

டெரல்: நல்லா வந்தாலும் குத்தமா? நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

வாண்டா: இந்த எண்ணை நம்பித்தான் ஸ்கூல் பஸ் டிரைவர் பிரேக் மிதிப்பாரு. ஓட்டு.

டெரல்: ...வர்றேன்.

வாண்டா: ம். அதே இருநூறு.

டெரல்: அப்பாடா. வீட்டுக்குப் போலாமா?

வாண்டா: எதிர்ல ஒரு ரொட்டி வண்டி நிக்குது பாரு.

டெரல்: ஏன், பசிக்குதா?

வாண்டா: அதோட தகரத்துல பட்டுத்தான் சிக்னல் திரும்பி என்கிட்ட வருது. நாம அளக்குற அன்னிக்கெல்லாம் அது அங்கயே நிக்குது.

டெரல்: பேக்கரி இருக்கு, நிக்குது.

வாண்டா: பேக்கரி அடுத்த தெருவுல. சொல்லு.

டெரல்: எண் சரியா வரலேன்னா திட்டத்தை மூடிருவாங்க. அடுத்த மாசம் எனக்கு வேலை இல்ல. உனக்கென்ன, நீ நிரந்தரம்...

வாண்டா: நான் வண்டியைப் பத்திக் கேட்டேன்.

டெரல்: நான்தான் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் என் மச்சான். போதுமா?

வாண்டா: போதும்.

டெரல்: எனக்கே அசிங்கமா இருக்கு, வாண்டா. இரு, அவனை எடுக்கச் சொல்றேன். மறுபடி ஓட்டுறேன். என்ன வருதோ அதையே எழுதிக்கோ.

வாண்டா: வேணாம். ஞாயித்துக்கிழமை எங்க அக்காவை ஓட்டவெச்சு அளந்துட்டேன். ரொட்டி வண்டி இல்லேன்னா ஐம்பது அடிதான். இங்க கம்பத்துல தனியா ஒரு ரேடியோ வேணும்னு அறிக்கை எழுதி, காலையிலயே ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

டெரல்: அப்ப என் வேலை?

வாண்டா: தெரியல. சண்டை போடுவேன்.

டெரல்: எல்லாம் முடிச்சிட்டு, என்னை எதுக்கு இந்தப் பனியில சுத்தவிட்ட?

வாண்டா: உன் வாயால வரட்டும்னுதான்.

டெரல்: வராம போயிருந்தா?

வாண்டா: வரும்னு நம்பித்தான், அந்த அறிக்கையில என் பேருக்கு முன்னாடி உன் பேரைப் போட்டேன்.