துணைவியார் பெயர், அகர வரிசைப்படி

— அழிச்சுப்போட்டுத் திருப்பி அடிச்சுக் குடுத்துரு கண்ணு. அஞ்சு நிமிச வேலைதானே?

— அஞ்சு நிமிசமா! சார், இருநூத்திப் பதினாலு குடும்பம். அத்தனை பேருக்கும் பொண்டாட்டிய மாத்தி உட்டுப்போட்டு வந்து நிக்கறீங்க. யா அல்லா, பதினாறு வருசமா இந்தக் காந்திபுரத்துல டிடிபி கடை வெச்சிருக்கேன். எழுத்து மாறிப் பாத்திருக்கேன், தேதி மாறிப் பாத்திருக்கேன். சம்சாரம் மாறி இப்பத்தான் பாக்கறேன்.

— மெதுவாப் பேசு சஃபியா. ஜெராக்ஸ் எடுக்கறவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும் சார். உங்க சங்கக் கையேடு அச்சாகி ஊரெல்லாம் போயிருச்சு, அதுல கடைசிப் பக்கத்துல எங்க கடை பேரும் நம்பரும் இருக்குது. பழி யாரு மேல வரும்? எக்செல்லுல நீங்க அனுப்புனத அப்படியே எடுத்து வேர்டுல ஒட்டுனேன். ஒரு புள்ளி நான் தொடல.

— உன்னையச் சொல்லுவனா? நானென்ன சொல்றேன்னா, ஆம்பளைங்க பேரெல்லாம் அ, ஆ வரிசையில லட்சணமா நின்னுச்சு. பக்கத்துல 'துணைவியார் பெயர்'னு ஒரு கட்டம். அது மட்டும் தாறுமாறாக் கெடந்துச்சு. சங்கத்துக்குச் செயலாளர் நானு. பொம்பளைங்களுக்கும் ஒரு மரியாதை வேணுமல்ல? அந்தக் கட்டத்த மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் புடிச்சு, ஏ டு இசட் பட்டன அமுக்குனேன்.

— பக்கத்துல இருக்கறதையும் சேத்திக்கட்டுமான்னு அது கேட்டிருக்குமே?

— கேட்டுச்சு. பணிவாத்தான் கேட்டுச்சு. நமக்கெதுக்கு அடுத்தவங்க கட்டம்னு, வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்.

— கம்ப்யூட்டருகிட்டப் போயி யாராச்சும் நாகரிகம் பாப்பாங்களா சார்! சரி, ப்ரூஃப் குடுத்தனே? 'சரி பார்க்கப்பட்டது, சுந்தரராஜுலு'ன்னு பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— பாத்தேன்மா, வரிவரியாப் பாத்தேன். பேரு, இனிசியலு, ஊரு, போன் நம்பரு எல்லாம். எம்பட இனிசியல்ல ஒரு புள்ளி விட்டுப்போனதக்கூடப் புடிச்சு வட்டம் போட்டனல்ல?

— அந்தப் புள்ளிக்குப் பக்கத்துக் கட்டத்துல வேற யாரு பேரோ இருந்திருக்குமே சார்?

— அது லேடீஸ் பேருதானே, சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்.

— ஏனுங்க, நான் உள்ள வாரதா, இல்ல ஆட்டோவுலயே உக்காந்திருக்கறதா?

— அட, வா பத்மா, வா. சஃபியா, இதுதான் எங்கூட்டுல. பத்மாவதி.

— வாங்கம்மா. ஃபேனுக்கடியில உக்காருங்க. ஏன் சார், இந்த வெயில்ல அம்மாவ எதுக்கு அலைய உடறீங்க? ஆளுங்க பூர்த்தி பண்ணிக் குடுத்த பாரத்தக் கொண்டாங்க, பாத்து மாத்திக்கலாம்.

— பாரம் எங்க இருக்குது? அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு பழைய பேப்பர்காரனுக்குத் தாட்டி உட்டுட்டேன்.

— அப்ப ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேளுங்க.

— என்னன்னு கேக்கறது? 'ஏனுங்க, உங்க சம்சாரம் பேரு என்னங்க?'ன்னா? நாப்பது வருசம் பழகுன மனுசங்ககிட்டயா? நேத்து சூலூர் வெங்கடபதி கூப்பிட்டான். 'புத்தகம் வெகு ஜோருங்க, அட்டை பிரமாதமுங்க. எங்கூட்டுக்காரி மட்டும் பொள்ளாச்சி ஜெகந்நாதன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. பரவால்லீங்க, ஒன்னும் அவசரமில்லீங்க'ங்கறான். நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்.

— ஒருத்தருமே திட்டலியா சார்?

— ஒருத்தரும் திட்டல. நம்மூரு ஆளுக திட்ட மாட்டாங்க கண்ணு. ஞாயித்துக்கெழமை பொதுக்குழு. திருத்தப் பட்டியல் கையில இல்லீன்னா, மாலையப் போட்டு, பொன்னாடையப் போத்தி, 'ஐயாவுக்கு ஓய்வு வேணுமுங்க'ன்னு செயலாளர் பதவியப் புடுங்கிக்குவாங்க. இருவத்திரண்டு வருசம்! இதுல எம்பட பேருக்கு நேரா யாருங்கற? எங்க சம்பந்தியம்மா சரோஜினி. பொண்ணக் குடுத்த ஊடு! சம்பந்தி மொகத்துல நான் எப்படி முழிக்கறது?

— அய்யய்யே. அப்ப எது யாருதுன்னு யாருக்குத்தான் தெரியும்?

— இவளுக்குத் தெரியும். அத்தனையும் இவ மண்டைக்குள்ள இருக்குது. மூணு நாளாக் கெஞ்சறேன், வாயத் தொறக்க மாட்டேங்கறா.

— அதான் இன்னிக்கு வந்திருக்கறனல்ல? அந்தப் பொண்ணு வேலையப் பாக்கட்டும். நீங்க சித்த பேசாம இருங்க.

— சரிங்கம்மா, ஆரம்பிக்கலாம். இப்ப எக்செல்ல வேர்டோட இணைச்சு ஒட்டி வெச்சிருக்கேன். நீங்க சொல்லச் சொல்ல இங்க அடிப்பேன், அங்க தானா மாறிக்கும். அனந்தராமன், சிங்காநல்லூர்?

— ரங்கநாயகி.

— கோவிந்தசாமி, அவினாசி?

— கிருஷ்ணவேணி. அது ரெண்டாந்தாரம். மொதல்ல கட்டுனது அவ அக்காள, பிரசவத்துல போயிட்டா. அக்கா பேரு வகுளா. அதையும் ஒரு ஓரத்துல போட முடியுமா கண்ணு?

— எடமில்லீங்கம்மா.

— இருக்காது. எப்பவும் இருக்காது. சரி, அடுத்தது சொல்லு.

— அடேயப்பா! பத்மா, எனக்கு கோவிந்தசாமிய பள்ளிக்கூடத்துல இருந்து தெரியும். அவன் சம்சாரம் பேரு கிருஷ்ணவேணின்னு இன்னிக்குத்தான் தெரியுது.

— நீங்க 'கோவிந்தசாமி ஊட்டுல நல்லாருக்காங்களா'ன்னு கேப்பீங்க. அவரு 'நல்லாருக்காங்க'ம்பாரு. அதுல பேரு எங்க வந்துச்சு? நான் அவகூட எத்தன கல்யாணத்துல ஒண்ணா உக்காந்து பூக் கட்டியிருக்கேன்.

— சார், அடுத்தது உங்க வரிங்க. சுந்தரராஜுலு.

— அது கெடக்கட்டும் சஃபியா. அது தெரிஞ்ச விசயந்தானே, கடைசியில போட்டுக்கலாம். மொதல்ல ஊரு ஆளுகளத சரி பண்ணு.

— அம்மா, அப்படியே உடட்டுங்களா?

— அவருதான் சொல்றாரல்ல? உடு. அடுத்தது.

— தம்பி ஜெரோம், டீ மூணு சொல்லு. நூத்தி இருவதாவது வந்தாச்சு. ஒரு தடவைகூட அம்மா 'இரு, யோசிக்கறேன்'னு சொல்லல சார். நானா இருந்தா எம்பட நாத்தனாருங்க பேரையே மறந்துருவேன்.

— இதென்ன சஃபியா, கீழ நாலஞ்சு பேருக்குப் பக்கத்துல ஒன்னுமே இல்ல? காலியாக் கெடக்குது?

— வரிசைப்படுத்துனா காலிக் கட்டமெல்லாம் அடியில போயிரும் சார். அதனால கல்யாணமாகாதவங்களுக்கெல்லாம் சம்சாரம் கெடச்சிருச்சு, கடைசியில இருந்தவங்களுக்குப் போயிருச்சு. நேத்து வடவள்ளி ஹரிகிருஷ்ணன் சார் சம்சாரம் நம்பரப் பாத்துட்டுக் கடைக்கே வந்துட்டாங்க. 'நான் எந்தப் பக்கத்துல இருக்கறேன்னு சித்த தேடிக் குடு கண்ணு'ன்னாங்க. தேடிக் குடுத்தேன். உடுமலைப்பேட்டையில ஒரு டாக்டருக்கு நேரா இருந்தாங்க. 'பரவால்ல, நல்ல எடந்தான்'னு சொல்லிப்போட்டுப் போனாங்க.

— சிரிக்காத. வேகமா அடி.

— அடிக்கறேன் சார். பங்காரு, பாக்கு மண்டி, மேட்டுப்பாளையம்?

— அவன் தனிக்கட்டை கண்ணு. அறுவத்திமூணு வயசாச்சு, கல்யாணமே பண்ணல. அதக் காலி பண்ணி உடு. இது எனக்கே தெரியும் பாத்தியா! அவனுக்கு நேரா யாரு வந்து மாட்டியிருக்கறா?

— சார்...

— படி.

— 'பத்மாவதி'ன்னு இருக்குது சார். ஏனுங்கம்மா, இது... நீங்களா?

— நாந்தான்.

— என்னது? பத்மா! நீயா? பங்காருவுக்கா? இதெப்ப?

— புத்தகம் வந்தப்பயேதான். முப்பத்தெட்டாம் பக்கம், மேலருந்து மூணாவது வரி.

— ஏன் எங்கிட்டச் சொல்லல?

— எதுக்குச் சொல்லோணும்? மூணு நாளா அந்தப் புத்தகம் உங்க கையிலதான் இருக்குது. சம்பந்தியம்மா வந்துட்டாங்கன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டீங்க. வந்தவங்களப் பாத்தீங்களே, இருந்தவ எங்க போனான்னு ஒரு தடவை தேடுனீங்களா?

— அட, அது... பதட்டத்துல...

— அந்த ஹரிகிருஷ்ணன் சம்சாரமாச்சும் தானே கடைக்கு வந்து தேடிக்கிட்டா. எனக்கு வந்து தேடறதுக்கே மனசு வரல. நாப்பத்தோரு வருசம். ஒரு புள்ளி காணாமப் போனா வட்டம் போடறீங்க, நான் காணாமப் போனா 'லேடீஸ் பேருதானே'ங்கறீங்க. வலிக்குதுங்க. நெசமாலுமே வலிக்குது.

— டீ ஆறுதுங்கம்மா, குடிங்க. சார், நீங்களும் எடுத்துக்குங்க.

— டீ கெடக்கட்டும். பத்மா, இந்தப் பங்காரு... அவன் பாத்திருப்பானா?

— பாக்காம? கூரியர் வந்த அன்னைக்கே போன் பண்ணுனாரு.

— எதுக்கு?

— மன்னிப்புக் கேக்கறதுக்கு. 'தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி'ன்னாரு. 'ஒவ்வொரு புத்தகத்துலயும் எம்பட பேருக்குப் பக்கத்துல காலியாத்தானுங்க இருக்கும். இந்தத் தடவை ஒரு பேரு இருந்துச்சுங்க. கண்ணாடியத் தொடச்சுப்போட்டு ரெண்டு தடவை படிச்சேனுங்க. திருத்தம் வாற வரைக்கும் வெச்சுக்கட்டுங்களா?'ன்னு கேட்டாரு.

— வெச்சுக்கட்டுமான்னா! என்ன கிறுக்கு இது! நீ என்ன சொன்னே?

— சரிங்கன்னேன். சாப்பிட்டீங்களான்னாரு. சாப்பிட்டேன்னேன். என்ன கொழம்புன்னாரு. சொன்னேன். வெச்சுட்டாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவேதான்.

— சரி, சரி. ஆனது ஆச்சு. நான் பண்ணுனது தப்புதான், ஒத்துக்கறேன். ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம். அவனத அழிச்சுட்டு மீதியையும் முடி சஃபியா. கூரியர்க்காரன் அஞ்சு மணிக்கு வந்துருவான்.

— அம்மா, அழிக்கட்டுங்களா?

— அதக் கடைசியில பாத்துக்கலாம். அடுத்தது கேளு கண்ணு.

— சரிங்கம்மா. மனோகரன், சரவணம்பட்டி?

— அலமேலுமங்கை.

...

— ஹரிகிருஷ்ணன், வடவள்ளி?

— சுலோச்சனா. உடுமலைப்பேட்டையில இருந்து கூட்டிட்டு வந்துரு.

— வந்துட்டாங்க! அவ்வளவுதான் சார். எல்லாரும் அவங்கவங்க ஊடு போய்ச் சேந்தாச்சு.

— அப்பாடா! மானம் பொழைச்சுது. பத்மா, நீ தெய்வம். சஃபியா, எங்களது ஒன்னுதான் பாக்கி, அதப் போட்டு பிரிண்ட்ட உடு. சுந்தரராஜுலு, நேரா பத்மாவதி.

— சொல்லுங்கம்மா, போட்டுறட்டுங்களா?

— சம்பந்தியம்மாவ எடுத்துப்போட்டு, இவரு பேருக்கு நேரா காலியா உடு கண்ணு. பங்காருகிட்ட நான் சரின்னு சொல்லிப்போட்டேன்.