பிரசாந்தினி அக்கா எடுத்த அளவுகள்

செவ்வாயும் வியாழனும் எனக்குப் பதுளையில் மாலை வகுப்பு. வகுப்பில் கேட்டதை அன்றன்றே கொப்பியில் எழுதிவிடுவேன். இப்போது உங்கள் விசாரணை மேசையில் இருப்பது அந்தக் கொப்பிதான், ஐயா.

பௌதிக ஆய்வுமுறைகள் வளர்ந்த கதையைக் கனகசுந்தரம் சேர் நடத்தினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு பேராசிரியர் புதிய கதிர் ஒன்றைக் கண்டதாக எழுதினார். பார்க்க வந்த ஒருவர், கருவியில் கதிரைப் பிரித்துக் காட்டும் கண்ணாடிப் பட்டகமான அரியத்தை இருட்டில் எடுத்து ஒளித்துவிட்டார். பேராசிரியர் அதன் பிறகும் அளவுகளை வாசித்துக்கொண்டே இருந்தார்.

"எதிர்பார்க்கிறவன்ரை கண்ணை நம்பாதேங்கோ," என்றார் சேர். "விசயம் தெரியாத ஒராளைக் கொண்டு அளந்து பாருங்கோ."

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு இருந்தது. இருபக்கமும் குச்சி அடித்து இடைவெளியை அளப்பது தோட்டம் எனக்குக் கொடுத்த வேலை. விரிந்தால் விசில் ஊத வேண்டும். ஐப்பசியில் ஒருமுறை ஊதினேன். இருபது வீட்டாரும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மலை அசையவில்லை. அதன் பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "பாப்பா, இன்னைக்கு மலை எத்தன மணிக்கு வருது?" என்று கேட்பார்கள். நானும் அந்தப் பேராசிரியர்தானோ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒன்பது சென்ரிமீற்றர். முந்தைய நாள் நான்கு. என் கண்ணை நான் நம்பவில்லை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிரசாந்தினி அக்காவைக் கூப்பிட்டேன். இடுப்பில் குழந்தையோடு ஏறி வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அளவு கெட்டுவிடும்.

"என்னடி, மலைக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்று சிரித்தபடி டேப்பைப் பிடித்தார். "பதினொன்னு."

பன்னிரண்டு மணிக்குப் பதினாறு. இரண்டு மணிக்கு இருபத்துமூன்று.

"பெருசாகிக்கிட்டே போகுதே. எல்லாரும் எறங்கிப் போயிரலாமாடி?"

"மழைக்கு ஓரம் கரையுதுக்கா," என்றேன். பயம் வந்துவிட்டால் கண் அதிகமாகப் பார்க்கும். எனக்கு இன்னும் ஓர் அளவு வேண்டியிருந்தது. நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

மூன்றே முக்காலுக்கு மலை இறங்கியது. நான் எதிர்ப்பக்கம், பள்ளிக்கூட வாசலில் கொப்பியை நிரப்பிக்கொண்டிருந்தேன். விசில் கழுத்தில் இருந்தது. முப்பத்தொரு பேர். அக்காவும் குழந்தையும் அதில் சேர்த்தி.

ஊதக் கூடாது என்று நான் தீர்மானிக்கவில்லை, ஐயா. உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். எத்தனை அளவு எடுத்தால் போதும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் பசறையில் சின்னம்மா வீட்டில் நலமாக இருக்கிறார். அன்று காலை முதல் அளவு எடுத்ததுமே, எட்டரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.